அடைக்கக் கட்டிய கோட்டை... திறந்து பழகிய ஊர்!

எல்லை ஊர்கள் – வாராந்தரத் தொடர்

இத்தாலியின் டுரின் நகரத்திலிருந்து ரயில் ஏறி, உல்க்ஸ் என்ற மலையடிவார ஸ்டேஷனில் இறங்கி, அங்கே பஸ் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரம்தான். பிரான்ஸ் நாட்டின் பிரியான்ஸோன் வந்துவிடும்.

வழியில் கிளாவியேரே. இத்தாலியின் கடைசி கிராமம். அதைத் தாண்டினால் 1,850 மீட்டர் உயரத்தில் மோன்ஜெனேவ்ர் கணவாய். பெரிய கேட்டோ முள்வேலியோ எதுவும் கிடையாது. சாலையோரத்தில் பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் நிற்பார்கள். சில நேரம் பஸ்ஸை நிறுத்தி பாஸ்போர்ட் பார்ப்பார்கள். கையில் செல்லுபடியாகும் ஷெங்கன் விசா இருந்தால் அதோடு சரி, ஜன்னல் வழியே பனிமலையைப் பார்த்துக்கொண்டு போகலாம்.

அதே கணவாயை இரவில், சாலையை விட்டு விலகி, முழங்கால் ஆழப் பனியில், சாதாரண ஷூவோடு நடந்து கடக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் விசா இல்லை.

பிரியான்ஸோனுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பார்ப்பது கோட்டை, பாலம், பனி. ஆனால், இந்த ஊரின் 700 ஆண்டு வரலாறே, 'இந்தக் கணவாயை யார் கடக்கலாம், யார் கடக்கக் கூடாது?' என்ற ஒற்றைக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால், ஊர் வேறு மாதிரி தெரியும்.

மேலே ஓர் ஊர், கீழே ஓர் ஊர்

கடல் மட்டத்திலிருந்து 1,326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பிரியான்ஸோன். பிரான்ஸின் மிக உயரமான நகரம் என்ற பெயர் இதற்குத்தான். (கிராமம் என்று பார்த்தால், பக்கத்திலேயே 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் சேன்-வேரானுக்குத்தான் முதலிடம்!)

ஊர் இரண்டு அடுக்கு. ரயில் நிலையம், சூப்பர் மார்க்கெட், பனிச்சறுக்குக்கான கேபிள் கார் எல்லாம் கீழ்ப்பகுதியில். மதில் சூழ்ந்த பழைய நகரம் மலைச்சரிவில், மேலே. மதிலின் வாசலுக்குள் நுழைந்ததும் நேராக இறங்கும் தெருதான் பிரதானத் தெரு. மூட்டு வலிக்காரர்கள் பார்த்து நடக்க வேண்டும். அவ்வளவு சரிவு!

அந்தத் தெருவின் நடுவில் ஒரு கல் வாய்க்கால். அதில் மலைத்தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளூர்க்காரர்கள் அதை 'கார்குய்' என்கிறார்கள். பக்கத்துத் தெருவில் அதன் தம்பி, சின்ன கார்குய். குழந்தைகள் காகிதக் கப்பல் விட ஏற்ற இடம்தான். ஆனால், இது அழகுக்காக ஓடும் தண்ணீர் அல்ல. தீ பிடித்தால் அணைக்க, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் வேண்டும் என்பதற்காக ஓடுகிறது. மர வீடுகள் நெருக்கியடித்து நின்ற ஊருக்கு நெருப்பைவிடப் பெரிய எதிரி இல்லை.

அப்படியும் ஒருமுறை நெருப்பு ஜெயித்துவிட்டது. 1692 ஜனவரியில் பிடித்த தீ, ஊரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியது.

எரிந்த ஊருக்கு வந்த இன்ஜினீயர்

நேரமும் மோசமான நேரம். அதே 1692-ல் மலைக்கு அந்தப் பக்கம் ஆண்ட சவோய் அரசரின் படைகள் பிரான்ஸுக்குள் புகுந்து, தெற்கே இருந்த காப் நகரை எரித்தன. பதறிப்போன பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, தன் தலைசிறந்த ராணுவ இன்ஜினீயரை ஆல்ப்ஸுக்கு அனுப்பினார்.

அவர் பெயர் வோபான். நாட்டின் எல்லை முழுக்கக் கோட்டைகள் கட்டியவர், பழைய கோட்டைகளைத் திருத்தியவர். எதிரியின் கோட்டையை எப்படி முற்றுகையிட்டுப் பிடிப்பது என்பதிலும் கெட்டிக்காரர். பிடிக்கத் தெரிந்தவருக்குத்தானே காக்கவும் தெரியும்!

வோபானுக்குப் பழகிய கோட்டை வடிவம் நட்சத்திரம் போன்றது. சமவெளியில் அதைக் காகிதத்தில் வரைந்தபடி கட்டிவிடலாம். பிரியான்ஸோனில் சமதரை எங்கே இருக்கிறது? ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பாதாளத்தில் ஓடும் துரான்ஸ் ஆறு. அதனால் மலை எப்படி வளைகிறதோ, மதிலையும் அப்படியே வளைத்தார். 1700-ல் இரண்டாவது முறை வந்து பார்த்தவருக்கு இன்னொரு கவலை. ஊரைச் சுற்றியிருந்த மலைமுகடுகளில் எதிரி பீரங்கியை ஏற்றிவிட்டால், கீழே இருக்கும் ஊரைச் சுலபமாக நொறுக்கிவிடலாம். ஆகவே, அந்த முகடுகளையும் நாமே பிடித்துக் கோட்டை கட்ட வேண்டும் என்று திட்டம் எழுதிக் கொடுத்தார்.

1707-ல் வோபான் இறந்துபோனார். அவர் சொன்ன கோட்டைகளில் பெரும்பாலானவை அவர் கண்ணை மூடிய பிறகே எழும்பின. சலேத், தெத், ராந்துயே என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாக மலையில் அடுக்கி வைத்த மாதிரி நிற்கின்றன.

தெத் கோட்டையும் ஊரும் ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில். நடுவே பாதாளம். சிப்பாய்கள் சட்டென்று போய்வர, 1731-ல் ஒரு பாலம் கட்டி முடித்தார்கள். பெயர் ஆஸ்ஃபெல்ட் பாலம். ஒரே கல் வளைவு, அகலம் 40 மீட்டர். தண்ணீருக்கு மேல் 56 மீட்டர் உயரம். ஏறக்குறைய 18 மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து எட்டிப் பார்ப்பது போல! பிரியான்ஸோன் போகிறவர்கள் எல்லோருடைய மொபைலிலும் இந்தப் பாலத்தின் போட்டோ இருக்கும்.

வோபானின் 12 கோட்டை நகரங்களை 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் பிரியான்ஸோனும் ஒன்று.

எல்லையே இல்லாத காலம்

இவ்வளவு பெரிய பூட்டு போட்டார்களே, அதற்கு முன்பு இந்தக் கணவாய் எப்படி இருந்தது?

திறந்துதான் இருந்தது. ரோமானியர்கள் இத்தாலியிலிருந்து ஸ்பெயினுக்குப் போட்ட தோமிசியா நெடுஞ்சாலை இந்தக் கணவாய் வழியாகத்தான் ஏறி இறங்கியது. ஆல்ப்ஸின் மற்ற கணவாய்களோடு ஒப்பிட்டால் இது ஏறச் சுலபமானது. வியாபாரிகள், படைகள், யாத்ரீகர்கள், ஆட்டு மந்தைகள் எல்லாம் இதே வழி.

கணவாயின் இரு பக்கத்திலும் பேசியது ஒரே மொழி. ஆக்சிதான் மொழியின் மலை வழக்கு. பெண் கொடுத்ததும் எடுத்ததும், மாடு விற்றதும் வாங்கியதும் மலையைத் தாண்டித்தான்.

அங்கேதான் 1343-ல் ஒரு சுவாரஸ்யமான சம்பவம் நடந்தது. அப்போது இந்தப் பகுதியை ஆண்டவர் இரண்டாம் அம்பேர் என்ற சிற்றரசர். தாராளமாகச் செலவு செய்பவர். கஜானா எப்போதும் காலி. மலைக்கிராமத்துக்காரர்கள் அவரிடம் போய் ஒரு பேரம் பேசினார்கள். கையோடு 12,000 ஃப்ளோரின் தருகிறோம். அதற்குப் பிறகு வருஷா வருஷம் 4,000 தங்க டுகாட் தருகிறோம். பதிலுக்கு எங்களை நாங்களே நிர்வகித்துக்கொள்ள விட்டுவிடுங்கள்!

அரசர் கையெழுத்துப் போட்டார்.

கிடைத்தது சாதாரணச் சலுகை அல்ல. நிலப்பிரபுவுக்குச் செய்ய வேண்டிய அடிமைச் சேவைகள் ரத்து. ஊர்க்கூட்டம் போட உரிமை, தலைவர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்க உரிமை, யார் எவ்வளவு வரி என்று தாங்களே பிரித்துக்கொள்ள உரிமை. அப்படி வரியைப் பங்கிடும் வேலையிலிருந்து வந்த பெயர்தான் 'எஸ்கார்ட்டோன்'. மொத்தம் ஐந்து எஸ்கார்ட்டோன்கள். பிரியான்ஸோன், கெய்ரா இரண்டும் மலைக்கு இந்தப் பக்கம். உல்க்ஸ், ப்ராஜெலாத்தோ, காஸ்தெல்தெல்ஃபீனோ மூன்றும் அந்தப் பக்கம். இன்றைய வரைபடத்தில் இரண்டு பிரான்ஸ், மூன்று இத்தாலி. அன்றைக்கு எல்லாம் ஒரே கூட்டமைப்பு, தலைமை பிரியான்ஸோனில்.

பல ராஜாக்கள் மாறினார்கள். 1349-ல் பகுதி முழுவதும் பிரெஞ்சு அரச குடும்பத்தின் கைக்குப் போனது. அப்போதும் இந்த ஒப்பந்தம் நீடித்தது.

கெய்ரா பகுதியில் பழைய பெட்டகம் ஒன்று இருக்கிறது. எட்டுப் பூட்டுகள் கொண்டது. பொது ஆவணங்களை அதில் வைத்து, சாவிகளை வெவ்வேறு ஊர்க்காரர்கள் கையில் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் வந்து நின்றால்தான் பெட்டகம் திறக்கும். எந்த ஒரு ஊரும் தனியாகத் தில்லுமுல்லு செய்ய முடியாது!

தொப்பியில் எத்தனை இறகு?

தங்களுக்குள் வரி பங்கிடவும் ஒப்பந்தம் படிக்கவும் எழுத்து தெரிய வேண்டுமே! அதனால் படிப்பில் இந்த மலைக்காரர்கள் கெட்டியாக இருந்தார்கள். பிரான்ஸின் பல கிராமங்களில் கையெழுத்துப் போடவே ஆள் இல்லாத காலத்தில், இங்கே விவசாயிகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்.

மழை, பனிக்காலத்தில் வயலில் வேலை கிடையாது. ஆகவே, இங்கிருந்து பலர் வாத்தியார் வேலை தேடிச் சமவெளிக்கு இறங்குவார்கள். சந்தையில் போய் நிற்பார்கள். அவர்கள் தொப்பியில் இறகு செருகியிருக்கும். ஓர் இறகு என்றால் வாசிக்கச் சொல்லித் தருவார். இரண்டு என்றால் கணக்கும் தெரியும். மூன்று இறகு செருகியவருக்கு லத்தீனும் வரும். தொப்பியைப் பார்த்தே ஊர்க்காரர்கள் வாத்தியாரைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

பனி உருகியதும் வாத்தியார் மீண்டும் மலையேறி, ஏர் பிடிக்கப் போய்விடுவார்.

கோடு கிழித்த ஒப்பந்தம்

இந்த வாழ்க்கைக்கு நடுவே 1713-ல் ஒரு கோடு விழுந்தது.

ஸ்பெயினின் அரியணைக்காக ஐரோப்பிய அரசர்கள் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் சண்டை போட்டுக் களைத்து, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் சமாதானம் பேசினார்கள். அங்கே ஆல்ப்ஸ் எல்லைக்கு ஒரு விதி வகுத்தார்கள். மலையில் விழும் தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறதோ, அந்த நிலம் அந்தப் பக்கத்து அரசருக்கு!

காகிதத்தில் பார்த்தால் நியாயமான விதிதான். மோன்ஜெனேவ்ர் பக்கம் உற்பத்தியாகும் துரான்ஸ் ஆறு பிரான்ஸுக்குள் இறங்கி, ரோன் நதியில் கலந்து மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. மறுபக்கம் உற்பத்தியாகும் தோரா ஆறு, போ நதியில் கலந்து ஏட்ரியாடிக் கடலுக்குப் போகிறது. தண்ணீரைப் பிரிப்பது சுலபம். ஆனால், மனிதர்கள் இரண்டு பக்கமும் கலந்தல்லவா வாழ்ந்தார்கள்?

ஐந்து எஸ்கார்ட்டோன்களில் மூன்று, சவோய் அரசருக்குப் போயின. சம்பந்தி வீடு அயல்நாடாகிவிட்டது. எல்லை பக்கத்திலேயே வந்து நின்றதால், வோபானின் திட்டங்கள் அவசரமாகத் தூசி தட்டப்பட்டன. மேலே பார்த்த கோட்டைகளில் பெரும்பாலானவையும் ஆஸ்ஃபெல்ட் பாலமும் இந்தக் கோட்டுக்குப் பிறகு வந்தவைதான். மீதமிருந்த உரிமைகளும் 1789 பிரெஞ்சுப் புரட்சியோடு முடிந்தன. எல்லாப் பிரதேசங்களின் தனிச் சலுகைகளையும் அன்றைய சபை ஒரே இரவில் ரத்து செய்தது.

கோட்டை தன் வேலையைச் செய்ததா? செய்தது. வாட்டர்லூ போருக்குப் பிறகு, 1815-ல் ஆஸ்திரிய, சார்டீனியப் படைகள் ஊரைச் சுற்றி வளைத்தன. மூன்று மாதம் போராடியும் ஊர் வாசலைத் திறக்கவில்லை.

மேகத்துக்குள் எட்டு பீரங்கிகள்

மோன்ஜெனேவ்ர் கணவாயில் நின்று வடக்கே அண்ணாந்து பார்த்தால், கூம்பு மாதிரி ஒரு மொட்டை மலை. பெயர் ஷாபெர்த்தோன். உயரம் 3,130 மீட்டர். உச்சியை வெட்டித் தட்டையாக்கி, அதன்மேல் எட்டுக் கல் கோபுரங்கள் எழுப்பி, கோபுரத்துக்கு ஒன்றாக பீரங்கி வைத்திருந்தது இத்தாலி. பிரியான்ஸோன்தான் குறி.

இரண்டாம் உலகப் போரில் 1940 ஜூன் 10 அன்று முசோலினி பிரான்ஸ் மீது போர் அறிவித்தார். ஜூன் 21 அன்று மேகம் விலகிய நேரம் பார்த்து, பிரெஞ்சுப் படையினர் கீழே மறைத்து வைத்திருந்த 280 மில்லிமீட்டர் பீரங்கிகளால் செங்குத்தாகக் குண்டு வீசினார்கள். எட்டுக் கோபுரங்களில் ஆறு நொறுங்கின. மூன்று நாளில் போர் நிறுத்தம்.

1947 சமாதான ஒப்பந்தத்தில் அந்த மலையே பிரான்ஸுக்குக் கைமாறியது. இன்று கோடைக்காலத்தில் மலையேறிகள் மூச்சு வாங்க ஏறிப் போய், உடைந்த கோபுரங்களுக்கு நடுவே உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள். (வழியில் வெடிக்காத குண்டோ, முள்கம்பியோ கிடந்தால் தொடக் கூடாது!)

நிலம் பிரான்ஸ், வழி இத்தாலி

அதே 1947 ஒப்பந்தத்தில் இன்னொரு வேடிக்கை. பிரியான்ஸோனுக்கு வடக்கே 'குறுகிய பள்ளத்தாக்கு' என்று பெயர் கொண்ட ஓர் இடம். அதுவும் பிரான்ஸுக்கு வந்தது. ஆனால், தண்ணீர் இத்தாலிப் பக்கம் வடிகிறது, சாலையும் அந்தப் பக்கமே இறங்குகிறது. பிரான்ஸோடு இணைப்பது 1,762 மீட்டர் உயரமுள்ள எஷெல் கணவாய் மட்டும்தான். பனிக்காலத்தில் அந்தச் சாலையை மூடிவிடுவார்கள். பிறகு, இந்தப் பிரெஞ்சு நிலத்துக்கு வர இத்தாலியின் பார்தோனெக்கியா வழியாகத்தான் வர வேண்டும்.

அங்கே உள்ள மலையேறிகள் விடுதிகளை நடத்துவது இத்தாலியர்கள். சாப்பாடும் இத்தாலியச் சாப்பாடு. பச்சைக்கல் பதித்த மாதிரி ஒரு குட்டி ஏரி. அதற்கு மேலே, குழந்தை இயேசுவைத் தேடி வந்த மூன்று ஞானிகளின் பெயர் கொண்ட மூன்று சிகரங்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நடக்கச் சுலபமான இடம்.

உட்ரெக்டில் தண்ணீரைப் பார்த்துக் கோடு கிழித்தார்கள். 1947-ல் அந்த விதியையும் தாண்டிக் கோடு கிழித்தார்கள். எங்கே கிழித்தாலும் மலைக்காரர்களின் பாதை அதன் இரண்டு பக்கமும் போய்க்கொண்டுதான் இருந்தது.

இப்போது நடக்கும் இரவுகள்

ஷெங்கன் ஒப்பந்தம் வந்த பிறகு, மோன்ஜெனேவ்ர் கணவாயில் பல ஆண்டுகள் சோதனையே இல்லை. காலையில் இத்தாலியில் காபி, மதியம் பிரான்ஸில் சாப்பாடு என்று இருந்தது. 2015 நவம்பரில் பிரான்ஸ் மீண்டும் எல்லைச் சோதனையைக் கொண்டுவந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று அது நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போனது.

கடலோரம் இருந்த சுலபமான எல்லையில் கெடுபிடி அதிகரித்ததும், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலி வந்து சேர்ந்த இளைஞர்கள் ஆல்ப்ஸ் கணவாய்களைத் தேடி வர ஆரம்பித்தார்கள். பின்னாளில் ஆப்கானிஸ்தான், ஈரானிலிருந்து கைக்குழந்தைகளோடு குடும்பங்களும் வந்தன. பலர் வாழ்நாளில் பனியைப் பார்த்ததே இல்லை. சாலையில் போனால் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று இரவில், காட்டுக்குள், மேலே மேலே ஏறினார்கள்.

2016-ல் எஷெல் கணவாயைக் கடந்த மாலி நாட்டு இளைஞர் ஒருவர், பனியில் விறைத்த தன் இரு பாதங்களையும் இழந்தார். 2018 மே மாதம், கணவாயைத் தாண்டி வந்த நைஜீரிய இளம்பெண் ஒருவரின் உடல் துரான்ஸ் ஆற்றில் மிதந்தது. சுற்றுலாப் பயணிகள் பாலத்தின் மேல் நின்று போட்டோ எடுக்கும் அதே துரான்ஸ்தான்.

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? மலையில் பழகியவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பனியில் ஒருவர் மாட்டிக்கொண்டால், யார் எவர் என்று கேட்பதற்கு முன் கீழே கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மலை வழிகாட்டிகள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், டாக்டர்கள், பேக்கரிக்காரர்கள் என்று ஒரு கூட்டம், பிளாஸ்கில் டீயும் கையில் கம்பளியுமாக இரவில் கணவாய்க்குப் போனது. 2017-ல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த ஒரு பொதுக் கட்டடத்தில் தங்குமிடம் திறந்தார்கள். சூடான சாப்பாடு, உலர்ந்த சாக்ஸ், இரண்டு மூன்று நாள் தூக்கம். பிறகு அவரவர் வழி. 2021-ல் அது பெரிய கட்டடத்துக்கு மாறியது. ஒரு காலத்தில் காசநோயாளிகள் மலைக்காற்றில் தேறுவதற்காக இருந்த சிகிச்சை இல்லம் அது.

ஊரில் எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. 2020-ல் வந்த புதிய நகர நிர்வாகம், பழைய தங்குமிடத்தைக் காலி செய்யச் சொன்னது. 2018 ஏப்ரலில் குடியேற்ற எதிர்ப்பாளர்கள் எஷெல் கணவாயை மறித்து நின்றார்கள். மறுநாள், அதற்குப் பதிலாக கிளாவியேரேயிலிருந்து பிரியான்ஸோனுக்கு ஓர் ஊர்வலம் நடந்தது. அகதிகளும் அதில் சேர்ந்து எல்லையைக் கடந்ததால், ஏழு பேர் மேல் வழக்கு. கீழ்க்கோர்ட் அவர்களைக் குற்றவாளிகள் என்றது. 2021-ல் மேல்கோர்ட் விடுவித்தது.

இதற்கு நடுவே 2018 ஜூலை 6 அன்று பிரான்ஸின் அரசியலமைப்புக் கவுன்சில் ஒரு முக்கியத் தீர்ப்பு சொன்னது. தெற்கே உள்ள ரோயா பள்ளத்தாக்கில் அகதிகளுக்கு உதவிய ஒரு விவசாயியின் வழக்கு அது. 'சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம்' என்பது பிரான்ஸின் முழக்கம். அதில் மூன்றாவது சொல், சுவரில் எழுதி வைக்க மட்டும் அல்ல, அதற்குச் சட்ட மதிப்பும் உண்டு என்றது கவுன்சில். நாட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கு, அவரிடம் முறையான ஆவணம் இருக்கிறதா என்று பார்க்காமல், மனிதாபிமானத்தோடு உதவலாம். ஆனால், எல்லை தாண்டி உள்ளே வர உதவுவது இன்னமும் குற்றம்தான். பிரியான்ஸோன்காரர்கள் இரவில் நிற்பது இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில்தான்.

போக விரும்புகிறவர்களுக்கு...

- வழி: பாரிஸின் ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து பிரியான்ஸோனுக்கு இரவு ரயில் இருக்கிறது. தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில மாதங்கள் நிறுத்திவிடுவார்கள். தேதியைச் சரிபார்த்து புக் செய்யுங்கள். இத்தாலி வழி என்றால் டுரின், உல்க்ஸ், பஸ்.

- ஆவணம்: பிரான்ஸ், இத்தாலி இரண்டுக்கும் ஒரே ஷெங்கன் விசா போதும். ஆனாலும், ஹோட்டலில் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு 'சும்மா இத்தாலி வரை போய்வரலாம்' என்று கிளம்பாதீர்கள். சோதனை உண்டு.

- காலம்: நடக்க, சுற்றிப் பார்க்க ஜூன் முதல் செப்டம்பர். பனிச்சறுக்குக்கு டிசம்பர் முதல் மார்ச். வெயில் பளிச்சென்று அடித்தாலும் மாலையில் குளிரும், ஸ்வெட்டர் கட்டாயம்.

- ஊருக்குள்: கார்குய் தெரு, இரட்டைக் கோபுரத் தேவாலயம், அதன் சுவரில் சூரியக் கடிகாரம், ஆஸ்ஃபெல்ட் பாலம். இந்தப் பகுதி முழுக்கவே பழைய வீட்டுச் சுவர்களில் வண்ணம் தீட்டிய சூரியக் கடிகாரங்களைப் பார்க்கலாம். தெத், ராந்துயே போன்ற மேல்கோட்டைகளில் சிலவற்றுக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். சுற்றுலா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

- பக்கத்தில்: லோதாரே கணவாயில் 1899-ல் தொடங்கிய ஆல்ப்ஸ் தாவரத் தோட்டம். எதிரே மேஜ் சிகரத்தின் பனியாறு. சைக்கிள் பிரியர்களுக்கு, டூர் தெ பிரான்ஸ் வீரர்கள் திணறி ஏறும் காலிபியே (2,642 மீட்டர்), இஸோஆர் (2,360 மீட்டர்) கணவாய்கள். இரண்டும் பனிக்காலத்தில் மூடியிருக்கும்.

- சாப்பாடு: 'தூர்த்தோன்' கேட்டுப் பாருங்கள். உருளைக்கிழங்கும் சீஸும் வைத்து எண்ணெயில் பொரித்த குட்டித் தலையணை. உள்ளே இறைச்சி வைத்ததும் உண்டு. சைவம் என்றால் சொல்லி வாங்கவும்.

இஸோஆர் கணவாய்க்குப் போகிறவர்கள், உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் பழைய கல் வீட்டைக் கவனியுங்கள். பெயர் நெப்போலியன் தங்குமிடம். 1815-ல் எல்பா தீவிலிருந்து தப்பி வந்தபோது தன்னை வரவேற்ற இந்த மாவட்டத்துக்கு, நெப்போலியன் உயிலில் பணம் எழுதி வைத்தார். அந்தப் பணம் கைக்கு வந்து சேர்ந்தது 1850-களில்தான். சிலை வைத்திருக்கலாம். ஆனால், மாவட்டத்துக்காரர்கள் ஆறு கணவாய்களில் ஆறு வீடுகள் கட்டினார்கள். பனிப்புயலில் சிக்கும் வழிப்போக்கர் யாராக இருந்தாலும் அடைக்கலம் கொடுக்க!

வோபானின் கோட்டைகளில் இன்று காவலுக்குச் சிப்பாய்கள் இல்லை. பல அறைகள் பூட்டிக் கிடக்கின்றன, சிலவற்றைச் சுற்றிப் பார்க்க டிக்கெட் தருகிறார்கள். ஆனால் கணவாயில், பனி கொட்டும் இரவுகளில், பிளாஸ்க்கும் கம்பளியுமாகப் போகிறவர்கள் இன்றும் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

(அடுத்த வாரம்: இன்னொரு எல்லை ஊர்)